வாசகர் கேள்வி – பதில்: வோல்ற்றும் அம்பியரும் தெரிந்தால்

கேள்வி: எங்கள் வீட்டு மின் கேத்தலில் இருந்த விபர அட்டை அழிந்துவிட்டது. மின்னியலாளர் ஒருவர் அது இயங்கும்போது அளந்து, 230 வோல்ற்று, 8 அம்பியர் என்று எழுதித் தந்தார். இவற்றிலிருந்து அதன் தடையையும் வலுவையும் கணிக்கலாமா? (வாசகி ஒருவர், கல்லடி)

பதில்: கணிக்கலாம். வோல்ற்றளவை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும்: 230 ÷ 8 = 28.75 ஓம். இரண்டையும் பெருக்கினால் வலு கிடைக்கும்: 230 × 8 = 1840 வாற்று. நாளொன்றுக்கு மொத்தமாக அரை மணித்தியாலம் கேத்தல் கொதித்தால் 0.92 அலகு மின்சாரம் செலவாகும். இந்தக் கேத்தலைப் பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் வட்டமுள் பிளக்கில் மாட்ட வேண்டாம். அந்தப் பிளக் தாங்கக்கூடியது 230 × 5 = 1150 வாற்று மாத்திரமே.

கேள்வி: வலு = ஓட்டத்தின் வர்க்கம் × தடை என்று ஒரு சூத்திரம் சொல்கிறது; அதன்படி தடை கூடினால் வலு கூட வேண்டும். வலு = வோல்ற்றளவின் வர்க்கம் ÷ தடை என்று இன்னொன்று சொல்கிறது; அதன்படி தடை கூடினால் வலு குறைய வேண்டும். இவற்றுள் எது சரி? (சாதாரண தர மாணவர் ஒருவர், களுவாஞ்சிகுடி)

பதில்: இரண்டும் சரி. வலு = வோல்ற்றளவு × ஓட்டம் என்ற ஒரே சமன்பாட்டில் ஓம் விதியை (வோல்ற்றளவு = ஓட்டம் × தடை) பிரதியிட்டுத்தான் இரண்டையும் பெறுகிறோம். வோல்ற்றளவு, ஓட்டம், தடை ஆகியவற்றின் எழுத்துகளை இட்டு முக்கோணம் ஒன்றை வரைந்து, வேண்டிய எழுத்தை விரலால் மறைத்து விடை காணும் பழக்கம் பரீட்சைக்கு உதவலாம். ஆனால் தடையை மாற்றும்போது எந்தக் கணியம் மாறாமல் நிற்கிறது என்ற கேள்வியை அது மாணவர் மனதில் எழவிடுவதில்லை. உங்கள் ஐயத்துக்கு விடை அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

12 வோல்ற்று மின்கலவடுக்கு ஒன்றுடன் 4 ஓம், 8 ஓம் தடைகள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் கிடைப்பது அதே 12 வோல்ற்றுத்தான்; ஆகவே 4 ஓம் தடையில் 144 ÷ 4 = 36 வாற்றும், 8 ஓம் தடையில் 144 ÷ 8 = 18 வாற்றும் வெளிப்படும். குறைந்த தடையே கூடுதலாகச் சூடேறும். அவற்றையே தொடராக இணைத்தால் மொத்தத் தடை 12 ஓம் ஆகி, இரண்டினூடாகவும் அதே 1 அம்பியர் ஓட்டம் பாயும். இப்போது 4 ஓம் தடையில் 4 வாற்றும், 8 ஓம் தடையில் 8 வாற்றும் வெளிப்படுவதால், கூடிய தடை கூடுதலாகச் சூடேறுகிறது. வீட்டு உபகரணங்கள் யாவும் சமாந்தரமாகவே இணைக்கப்பட்டுள்ளதால், அங்கே வலு கூடிய உபகரணமே தடை குறைந்ததாக இருக்கும்.

ஆசிரியரிடம் மல்ரிமீற்றர் இருந்தால், 230 வோல்ற்று, 60 வாற்று எனக் குறிக்கப்பட்ட பழைய இழை மின்குமிழ் ஒன்றைக் கழற்றி எடுத்து அதன் தடையை அளந்து காட்டும்படி கேளுங்கள். கணக்கின்படி 230 × 230 ÷ 60 = ஏறத்தாழ 882 ஓம் வர வேண்டும்; மீற்றரோ அதில் பத்தில் ஒரு பங்கிலும் குறைவாகவே காட்டும். மீற்றரிலும் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. தங்குதன் இழை ஒளிரும்போது 2000 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறுவதால் அதன் தடை பன்மடங்காகிவிடுகிறது; நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையின் தடையை. ஜேர்மன் இயற்பியலாளர் ஓம் தமது விதியை 1827இல் நூலாக வெளியிடுமுன், அக்கால மின்கலவடுக்கான வோல்ற்றா அடுக்கின் வோல்ற்றளவு தளம்பிக்கொண்டிருந்ததால் அதைக் கைவிட்டு, ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருந்த பிசுமது–செம்பு வெப்பவிணையை (முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின் தரும் உலோக இணையை) தம் சோதனைக்குப் பயன்படுத்தினார். நிலைமைகள் மாறாதிருப்பது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டது.

கேள்வி: தோட்டக் கிணற்று மோட்டர் 1 குதிரைவலு, அதாவது ஏறக்குறைய 750 வாற்று என்கிறார்கள். அளந்தபோது 230 வோல்ற்று, 5.5 அம்பியர் காட்டியது; பெருக்கினால் 1265 வருகிறது. மேலும், வீட்டிலிருந்து 60 மீற்றர் தூரத்துக்கு வயர் இழுத்த பிறகு, சில நேரங்களில் மோட்டர் உறுமுகிறதே தவிரச் சுற்றுவதில்லை. (விவசாயி ஒருவர், அக்கரைப்பற்று)

பதில்: 746 வாற்று என்பது மோட்டரின் அச்சு வெளியே தரும் பொறிமுறை வலு, உள்ளே செல்வது அதைவிடக் கூட. அத்துடன், ஆடலோட்டத்தில் (திசை மாறி மாறிப் பாயும் வீட்டு மின்னில்) இயங்கும் மோட்டரில் ஓட்டம் வோல்ற்றளவுக்குச் சற்றுப் பிந்தியே வருவதால், வெறும் பெருக்கத்தை, அந்தப் பிந்தலைக் கணக்கில் எடுக்கும் வலுக்காரணி என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். அது 0.85 எனக் கொண்டால் உண்மையான வலு 1265 × 0.85 = ஏறத்தாழ 1075 வாற்று; வீட்டு மின்மானி கணக்கிடுவது இதையே. அவ்வாறே 230 ÷ 5.5 = 42 என்ற எண்ணை மோட்டர்ச் சுருளின் தடை என்று எண்ண வேண்டாம்; மின்னைத் துண்டித்துவிட்டு அளந்தால் சில ஓம்களே காட்டும்.

உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் வயராக இருக்கலாம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.0115 ஓம், மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் நீளம் 120 மீற்றர், தடை 1.38 ஓம். ஓடும்போது 5.5 × 1.38 = 7.6 வோல்ற்று மாத்திரமே வயரில் வீணாகும். இதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் புறப்படும் கணத்தில் மோட்டர் வழமையான ஓட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கை இழுக்கும். 30 அம்பியர் என்று கொண்டாலும் வயரில் 41 வோல்ற்று விழுந்து, மோட்டருக்கு 190 வோல்ற்றளவே எட்டும். மாலை நேரத்தில் வழங்கல் வோல்ற்றளவே தாழ்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயராக மாற்றினால் தடை 0.83 ஓமாகக் குறைந்து, அதே கணத்து இழப்பு 25 வோல்ற்றாகும். வயருக்குச் செலவிடுமுன், மோட்டர் புறப்படும்போது அதன் முனைகளிலேயே வோல்ற்றளவை அளந்து தரும்படி மின்னியலாளரைக் கேளுங்கள். அங்கே 220 வோல்ற்றுக்கு மேல் நின்றும் மோட்டர் உறுமினால், வயரை விட்டுவிட்டு, மோட்டர் புறப்பட உதவும் கொள்ளளவியை (கப்பாசிற்றரை) சோதிக்கச் சொல்லுங்கள்.