நியூகாசில் கால்பந்து அணியின் டிஃபெண்டர் டான் பர்ன் முப்பது வயதுவரை கீழ்மட்டக் கிளப்களில் சுற்றியவர். இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்தது அதிர்ஷ்டம்தானே?

இல்லை. லீக் கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக அவர் போட்ட கோலை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேதியைப் பாருங்கள். பயிற்சியாளர் டூகல் இங்கிலாந்து அணியை அறிவித்தது 2025 மார்ச் 14. இறுதியாட்டம் மார்ச் 16. அழைப்பு வந்த பிறகுதான் கோல்.

"முப்பதுவரை கீழ்மட்டம்" என்பதும் சரியில்லை. 11 வயதில் நியூகாசில் சிறுவர் அணி அவரைக் கழற்றிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் ட்ராலி சேகரிக்கும் வேலையும் பார்த்திருக்கிறார். பிளைத் ஸ்பார்டன்ஸ், டார்லிங்டன், ஃபுல்ஹாம், லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு அனுப்புவது) யோவில், பர்மிங்ஹாம், அப்புறம் விகன். பிரைட்டனில் பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல் நிலை லீக்) ஆட்டக்காரராக நிலைத்தபோது வயது 27. 2022 ஜனவரியில் நியூகாசிலே காசு கொடுத்து வாங்கியது.

இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. நான் நியூகாசிலில் ஒப்பந்த வேலை பார்க்கிறவன். ஒரு வேலை நேர்காணலில் கேள்வி கேட்ட அம்மையார் என் விண்ணப்பத்தில் ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டுக்குக் கீழேயும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்து, "எங்கேயும் நிலைத்து இருக்க மாட்டீர்களா?" என்றார். திட்டம் முடிந்தால் அனுப்பிவிடுகிறார்கள், நான் எங்கே நிலைப்பது? போன இடத்திலெல்லாம் ஒழுங்காக வேலை செய்தேனா என்று அவர் கேட்கவே இல்லை. வேலையும் கிடைக்கவில்லை. லோனில் போகும் டிஃபெண்டர் நிலைமையும் அதுதான். அனுப்புவது கிளப், ஊர்சுற்றி என்ற பெயர் ஆட்டக்காரருக்கு.

ஒரு ஆட்டக்காரரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். ஒப்பிடவில்லை. எடைபோடும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

லீக் கோப்பை இறுதியாட்டத்தை நியூகாசிலின் ஹீட்டன் பகுதியில் நண்பர் வீட்டில் பார்த்தோம். பாதி நேரத்துக்குச் சற்று முன் நியூகாசிலின் டிரிப்பியர் கார்னர் அடித்தார். கோல் வாசலில் எல்லோரும் முண்டியடிக்க, பர்ன் பின்னால் தள்ளி நின்றார். இரண்டு மீட்டர் உயரக்காரரை மறிக்க லிவர்பூலின் மெக் அலிஸ்டர் மட்டும். அவ்வளவு தூரத்திலிருந்து தலையால் அடித்த பந்து எதிர் மூலைக்குள் போனது. எதிர்வீட்டுப் பெரியவர் தெருவுக்கே வந்துவிட்டார். 1955க்குப் பிறகு இந்த ஊருக்கு வந்த முதல் உள்நாட்டுக் கோப்பை அது.

இதையாவது டிவியில் பார்க்க முடிந்தது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் நேரலையாகக் காட்டுவதில்லை. மதுரையில் இருக்கும் என் தம்பி பார்த்துவிட்டு ஸ்கோர் அனுப்புகிறான், மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நான் ரேடியோ கேட்கிறேன். மைதானக் கூட்டம் குறையக்கூடாது என்பது காரணமாம். டிக்கெட்டே கிடைக்காத ஊரில் என்ன கூட்டம் குறையப்போகிறது?

சரி, அதிர்ஷ்டம் என்கிறவர்கள் 2013 மே மாத வெம்ப்ளி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். மூன்றாம் நிலை லீக்கான லீக் ஒன்னிலிருந்து மேலே போவது யார் என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதி, பிரென்ட்ஃபோர்டை யோவில் 2–1 என்று வென்றது. இரண்டாவது கோல், லோனில் வந்திருந்த 21 வயது பர்னுடையது.