கிட்டில் வந்த கலர் பொடியைப் பணியாரத்தில் போடலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். லீவுக்குப் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறார்கள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்பது. பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறார்களே என்று, தெரிந்தவர் ஒருவர் மூலமாக ‘செட்டிநாட்டுக் கைவினை - சமையல் கிட்’ என்று ஒன்றை 1,850 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார், பில் தரவில்லையாம். உள்ளே கொஞ்சம் பனை ஓலை, ஒரு பிளாஸ்டிக் அச்சு, ஐந்து கலர் பொடிப் பொட்டலம். ஓலைக்குச் சாயம் போட்டதில் பிள்ளைகளின் கை இரண்டு நாளாக ரோஸாகவே இருக்கிறதாம். விற்றவரைக் கேட்டால், “புட் கிரேடுதான், பயப்படாதீங்க, பணியாரத்துக்கும் அதையே போடலாம்” என்கிறாராம். போடலாமா, இல்லையென்றால் அந்தக் கிட் இல்லாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம், அப்பத்தா சொல்கிற மாதிரி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்புக் கலர் செய்யலாமா என்று கேட்கிறார்.

போடக் கூடாது. ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

ஓலையைப் பிடிக்கிற சாயம் வேறு, பலகாரத்தில் போடுகிற நிறமி வேறு. உணவில் சேர்க்கலாம் என்று நம் நாட்டில் அனுமதித்திருக்கும் செயற்கை நிறமிகள் மொத்தமே எட்டுதான். அவற்றையும் எல்லாப் பண்டத்திலும் போட முடியாது, போடுகிற பண்டத்திலும் பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் அளவு. 100 மில்லிகிராம் என்றால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. எந்த வீட்டு அடுப்படியில் அதை அளக்கிற தராசு இருக்கிறது? அடர் ரோஸ் நிறம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டார்களே, அது ரோடமின் பி என்ற சாயத்தால்தான். துணிக்கும் ஊதுபத்திக்கும் போடுகிற சாயம் அது. உங்கள் பொட்டலத்தில் இருப்பதும் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும். தண்ணீரில் போட்டுப் பார், பஞ்சில் தொட்டுப் பார் என்று வாட்ஸ்அப்பில் வருகிற சோதனைகளை நம்பிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

‘புட் கிரேடு’ என்று வாயால் சொல்வதற்கும் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும் ஒரு பைசா செலவில்லை. பாக்கெட்டில் நிறமியின் பெயர் இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, தயாரித்தவர் முகவரி, தயாரித்த தேதி, பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் அது சமையலுக்கு இல்லை. கடையில் கேசரிப் பவுடரை டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளி, பேப்பரில் மடித்துத் தருவார்கள். அதுவும் வேண்டாம். அதே அலமாரியில் கோலப்பொடிக்குக் கலக்குகிற சாயமும் இருக்கும், கரண்டி ஒன்றுதான்.

இந்தக் கிட் வியாபாரம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டான் என்கிற பனை ஓலைக் கூடையை முடைகிற பெண்களிடம் கழித்துப் போட்ட ஓலையைச் சல்லிசாக வாங்க வேண்டியது, அச்சை மொத்த விலைக் கடையில் எடுக்க வேண்டியது, பொடியைச் சாயக்கடையில் எடுக்க வேண்டியது, அட்டைப் பெட்டியில் ஒரு செட்டிநாட்டு வீட்டுப் படத்தைப் போட வேண்டியது. ஓலையைப் பற்றியும் தெரியாத, சமையலைப் பற்றியும் தெரியாத ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து 1,850 வாங்குகிறார். முடைந்த கைக்கு அதில் எவ்வளவு போகும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் கண்ட பொடியைப் பெட்டியில் போட்டு விற்பதை அது தடுக்காது.

புகார் கொடுக்கலாமா என்றால், கொடுங்கள். உணவில் போடலாம் என்று சொல்லி விற்றதால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கே போகலாம். சட்டப்படி மாதிரி கைக்கு வந்த 14 நாளில் உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். நான் ஒரு தடவை திருவிழாக் கடைப் பலகாரத்துக்குப் புகார் கொடுத்துவிட்டு, தீபாவளி போய்ப் பொங்கலும் போன பிறகு “விசாரணையில் உள்ளது” என்று ஒரு கடிதம் வாங்கினேன். கடைக்காரர் அதற்குள் மூன்று திருவிழா பார்த்திருப்பார். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் கேமராவோடு சோதனைக்குக் கிளம்புகிறவர்கள் வருடத்தில் மற்ற நாளெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதைவிட நுகர்வோர் ஆணையம் கொஞ்சம் தேவலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் தரவில்லை என்கிறீர்கள். ஜிபேயில் பணம் போட்ட விவரத்தையும் அவர் அனுப்பிய மெசேஜையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் கறைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி சோப்புப் போட்டால் போதும், போகிற வேகத்தில் போகட்டும். பிளீச்சிங் பவுடர், பெட்ரோல் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, கலருக்கு என்ன செய்வது? உங்கள் மாமியார் அடுப்படியில் கவுனி அரிசி (கறுப்பு அரிசி) இல்லாமலா இருக்கும்! ராத்திரி ஊறப்போட்டால் காலையில் தண்ணீர் நாவல்பழ நிறத்தில் நிற்கும். அரை டம்ளர் எடுத்து இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லுங்கள், இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. ஒன்று இளஞ்சிவப்பாகும், மற்றது நீலமும் பச்சையுமாகத் திரும்பும். பிள்ளைகள் அன்று முழுக்க அடுப்படியை விட்டு நகர மாட்டார்கள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டாலும் இதே வேடிக்கைதான், நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும். பீட்ரூட் சாற்றை மட்டும் கொதிக்க விடாதீர்கள், நிறம் மங்கிவிடும், இறக்கிய பிறகு சேருங்கள். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் அலறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், சில பேருக்கு பீட்ரூட் அப்படித்தான். அடுப்படியில் இருக்கிற பொருளில் எடுக்கிற நிறம் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று தவிர. சுண்ணாம்பு.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு வரும், ஆரத்தி கரைக்கிற வீட்டில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பத்தா சொல்வது பொய்யில்லை. தட்டில் பெரியவர்கள் கரைத்து வைத்த ஆரத்தித் தண்ணீரை ஒரு குச்சியில் தொட்டுக் காகிதத்தில் கோடு போடுவதில் ஒன்றும் ஆகிவிடாது. நான் பயப்படுவது சுண்ணாம்பு பிள்ளையின் கைக்குப் போவதைப் பற்றி. வெற்றிலைக்கு வாங்குகிற சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் இருக்கிறதே, அதைப் பிள்ளை இரண்டு விரலால் அழுத்தும், வாய் பிரிந்து நேரே கண்ணில் பீச்சும். கண் மருத்துவர்களைக் கேளுங்கள், இப்படிக் கண் போய் வருகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காது, கருவிழியையே அரித்துவிடும். அப்பத்தா தினமும் வாயில் போடுகிறாரே என்பீர்கள். அவர் வெற்றிலையில் கடுகளவு தடவிப் போடுகிறார், கண்ணில் போடவில்லை. வெள்ளையடிக்க வாங்குகிற கல் சுண்ணாம்பு இதைவிட மோசம், தண்ணீர் பட்டதும் கொதிக்கும், அது வைத்திருக்கிற மூலைக்கே பிள்ளைகளை விடாதீர்கள். தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் அந்த நிமிடமே குழாயடியில் தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, இருபது நிமிடம் விடாமல் தண்ணீர் விட வேண்டும். கழுவி முடித்த பிறகுதான் வண்டி எடுக்கிற வேலை. தாய்ப்பால், நெய், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. கழுவிய பிறகு கண் வலிக்கவில்லை என்று பிள்ளை சொன்னாலும் கண் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

சிவப்பு வேண்டும் என்றால் சுண்ணாம்பே தேவையில்லை. மஞ்சளைக் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசிக் காயவிடுங்கள். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் குச்சியைத் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக எழும்பும். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். உங்கள் மகனுக்கு இது போதும்.

இனி பலகாரம். நான் மனையியல் பாடம் நடத்திய காலத்திலிருந்து செய்துவருவது ஆத்தங்குடித் தரைக்கல் மாதிரி ஒரு கடல்பாசி (அகர் அகர்) இனிப்பு. ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கண்ணாடி மேல் கவிழ்த்துத்தான் செய்வார்கள். கண்ணாடியில் அச்சை வைத்து முதலில் கலர்க் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள், சூளையில் சுடுவதில்லை. முகம் அடியில் இருக்கிறது, புரட்டினால்தான் பூ தெரியும். கடல்பாசியிலும் அதையே செய்யலாம். 10 கிராம் கடல்பாசியை 400 மில்லி தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, முழுக்கக் கரையும் வரை நீங்கள் காய்ச்சுங்கள். ஆறேழு கரண்டி சர்க்கரை போட்டு இறக்கி, மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதில் பாதிக்குப் பீட்ரூட் சாறு, பாதிக்குச் சங்குப்பூத் தண்ணீர். நெய் தடவின எவர்சில்வர் தட்டுகளில் மெல்லிசாக ஊற்றினால் சீக்கிரம் உறைந்துவிடும், பிரிட்ஜ் வேண்டாம். பிள்ளைகள் பாட்டில் மூடியால் வட்டம், இலை என்று வெட்டி, ஒரு தட்டில் பூவாக அடுக்கட்டும். மீதிக் கடல்பாசியை அதுவரை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்திருங்கள், இல்லாவிட்டால் சட்டியிலேயே உறைந்துபோகும். அதில் 200 மில்லி தேங்காய்ப்பாலை வெதுவெதுப்பாக்கிக் கலந்து, அடுக்கிய பூவின் மேல் கரண்டியின் முதுகு வழியாக மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பூ கரையும், ரொம்ப ஆறவிட்டு ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாகக் கழன்றுவரும். விரல் தாங்குகிற சூடு கணக்கு. உறைந்ததும் கவிழ்த்துச் சதுரமாக வெட்டினால் வளவில் பதித்த கல் மாதிரியே இருக்கும். முதல் தடவை கொஞ்சம் கோணலாகத்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. முடிந்தால் பிள்ளைகளை ஆத்தங்குடிக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள், காரைக்குடிக்குப் பக்கம்தானே.

மாவுருண்டை தெரியாத வீடு உங்கள் பக்கத்தில் இருக்காது. நெய்யை நீங்கள் காய்ச்சி ஊற்றுங்கள், கை தாங்குகிற சூட்டில் பிள்ளைகள் பிடிக்கட்டும். சீப்புச் சீடையை விரலில் சுற்றித் தருவதும் அவர்கள் வேலையாக இருக்கலாம், பொரிக்கும்போது மட்டும் இரண்டாங்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஈரம் உள்ளே மாட்டினால் சீடை வெடிக்கும், எண்ணெய் எவ்வளவு தூரம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

கைவேலைக்கு, பீரோ மேல் கட்டி வைத்திருக்கிற பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். கெட்டி அட்டையாகப் பார்த்து இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நீளமாக வெட்டினால் கொட்டான் முடைய அதைவிட நல்ல ‘ஓலை’ கிடையாது. எட்டுக்கு எட்டாகக் குறுக்கும் நெடுக்கும் மேலே ஒன்று கீழே ஒன்று விட்டு முடைந்து, மூலைகளில் துணி கிளிப் போட்டு நிறுத்தினால் ஒன்பது வயதுப் பையன் பக்கத்தை மடக்கி மேலே ஏற்றிவிடுவான். சின்னவள் அடியை மட்டும் பாயாக முடையட்டும். கிட்டில் வந்த ஓலையையும் வீணாக்க வேண்டாம். சாயம் போடாததை மட்டும் ஈரத்துணியில் சுற்றிவைத்து, ஓரம் கையைக் கிழிக்காமல் நீங்கள் ஈர்க்கை எடுத்துக் கொடுத்தால் கிலுகிலுப்பை செய்யலாம்.

அந்தக் கலர்ப் பொட்டலங்களைக் கிணற்றடியிலோ ஊருணிப் பக்கமோ கொட்டிவிடாதீர்கள். புகாருக்கு அவை வேண்டும். ஒரு கவரில் போட்டு ஒட்டி, ‘சாயம் - சமையலுக்கு அல்ல’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடுப்படிக்கு வெளியே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நீங்கள் பெங்களூர் போன பிறகு யாராவது கேசரிக்கு எடுத்துவிடப் போகிறார்கள்.