மகள் போட்டோகிராபர் ஆகட்டுமா என்று கேட்கும் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பள்ளிப் படிப்பு முடியப் போகிற நேரத்தில் மகள் வந்து, நிரந்தர வேலையே வேண்டாம், ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபராகத்தான் இருப்பேன், அதுவும் அகதி முகாம், வெள்ளம், பஞ்சம் என்று போய் அங்குள்ள மனிதர்களைப் படம் எடுப்பேன் என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் ஆசைப்படுகிற அந்த ஒரு வேலை மட்டும் போடாது. ஆனால் அந்த ஒன்றை மட்டும் நம்பிப் பிழைக்கிற ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்கள் மிக மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர்களுடைய ஒரு மாதம் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை வரிசையாக உட்கார வைத்து இணையதளத்துக்கு முகப்படம், வார இறுதியில் ஒரு திருமணம், இடையில் ஒரு எழுத்தாளரின் புத்தகப் பின்னட்டைக்குப் படம், கட்டடம், விற்பனைப் பொருள், அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு இரண்டு மூன்று நாள் வெளியூர்ப் பயணம். வருமானத்தின் பெரும்பகுதி முதலில் சொன்னவற்றிலிருந்துதான் வரும். உங்கள் மகள் அந்த வேலைகளைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறாள் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. அங்கேதான் நான் அவளோடு உடன்படவில்லை.

ஒரு போர்ட்ரெய்ட், அதாவது ஒருவரை உட்கார வைத்து அவருடைய முகப்படம், எடுப்பதையே பாருங்கள். வந்து உட்காருபவர் அநேகமாக முதலில் சொல்வது, ‘எனக்கு போட்டோவே நல்லா வராது’ என்பதுதான். தோள் இறுகியிருக்கும், கையை எங்கே வைப்பது என்று தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வைத்து, 85 மி.மீ. லென்ஸோடு கொஞ்சம் தள்ளி நின்று, அவருக்குப் பிடித்த எதையாவது பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்க வேண்டும். முதலில் எடுத்த படங்கள் எதுவும் தேறாது. பேச்சு சூடுபிடித்து அவர் கேமராவை மறக்கிறபோது தோள் தானாக இறங்கும், அந்த நொடிக்குத் தயாராக இருக்க வேண்டும். முகாமில் ஒரு கூடாரத்துக்குள் வீடு வாசல் இழந்து உட்கார்ந்திருப்பவரிடமும் இதே திறமைதான் வேண்டும், ஆனால் அங்கே நேரம் இன்னும் குறைவு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர், வெளிச்சமும் நம் இஷ்டத்துக்கு இருக்காது. முன்பின் தெரியாத ஒருவரைப் பத்து நிமிடத்தில் இயல்பாக இருக்க வைக்கத் தெரியாதவர் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பது அந்த மனிதர்களுக்குச் செய்கிற அநியாயம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கின் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் வசதியானவர்களுக்குப் போர்ட்ரெய்ட் எடுக்கும் ஸ்டூடியோ நடத்தியவர் அவர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து தெருவில் நின்றவர்களை எடுக்கக் கேமராவோடு வெளியே வந்தார். 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், பிள்ளைகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு தாயை அரசுத் துறை ஒன்றுக்காக அவர் எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. ஆனால் அந்தத் தாயின் பெயரைக்கூட அன்று அவர் கேட்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியுலகுக்குத் தெரிந்தது 1978இல்தான், அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. இந்த இரண்டாவது பாதியையும் விடாமல் சொல்லுங்கள்.

ஏனென்றால் இன்று தொண்டு நிறுவனங்கள் கேட்கிற முதல் விஷயம் சம்மதம். படம் எங்கெல்லாம் வெளியாகும், யார் பார்ப்பார்கள் என்று படத்தில் வருபவர்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும், குழந்தை என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும், ஆபத்து இருக்கிற இடத்தில் பெயரை மாற்ற வேண்டும், முகமே தெரியாமல் எடுக்க வேண்டியும் வரும். வேண்டாம் என்றால் கேமராவைக் கீழே இறக்கிவிட வேண்டியதுதான். எவ்வளவு நல்ல படம் கண்முன்னே இருந்தாலும் சரி.

பணத்துக்கு வருவோம். வேலை முடித்து இன்வாய்ஸ் அனுப்பினால் கையில் பணம் வர ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும், அதனால் அட்வான்ஸ் வாங்காமல் வேலையைத் தொடக்கூடாது. படத்தை எதற்கு, எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் நிறைய வரும், படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பிறகு அந்தப் படத்தை அவளே விற்க முடியாது. 1947இல் ராபர்ட் காப்பா, கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் போன்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்கள் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியதற்கு முக்கியமான காரணமே, எடுத்த படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதுதான். அதோடு வரி, காப்பீடு, பழுது, எல்லாப் படங்களுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு இடத்தில். இதெல்லாம் அவள் தலையில்தான். ஷட்டரை அழுத்துகிற நேரத்தைவிட மின்னஞ்சல், எடிட்டிங், கணக்கு என்று போகிற நேரம் அதிகம்.

சரி, என்ன படிக்க வைப்பது? போட்டோகிராபியையே பட்டப்படிப்பாகப் படிப்பது தப்பில்லை, ஆனால் இந்தத் துறைக்கு நான் வேறொன்றைத்தான் சொல்வேன். சமூகவியல், பொருளாதாரம், பொது சுகாதாரம், மொழி, இவற்றில் ஒன்றைப் படித்துக்கொண்டே கேமராவைப் பழகட்டும். பிரேசிலில் பிறந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் செபாஸ்தியோ சல்காடோ பொருளாதாரம் படித்து சர்வதேச காபி அமைப்பில் வேலை பார்த்தவர், 1973இல்தான் முழுநேரமாகப் புகைப்படத்துக்கு வந்தார். 1980களின் நடுவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிற சாஹேல் பகுதியின் பஞ்சத்தைப் படம் எடுத்தார். பஞ்சம் ஏன் வருகிறது என்று தெரிந்தவர் எதை எடுக்க வேண்டும் என்றும் தெரிந்துகொள்வார். உங்களுக்கும் கையில் ஒரு பட்டம் இருக்கிறது என்ற தெம்பு வரும்.

போர்முனைக்குப் போய்விடுவாளோ என்ற பயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலுதவிப் பயிற்சி, காப்பீடு, அந்த இடத்தை அறிந்த ஆட்கள், இவை இல்லாமல் போகவே கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லலாம், நானும் சொல்வேன். பார்த்த துயரம் மனதை விட்டுப் போகாமல் பல காலம் உறுத்தும் என்பதையும் அவளிடம் மறைக்கக் கூடாது.

இந்த ஒரு வருடத்தில் அவள் செய்ய வேண்டியது, உறவினர் அல்லாதவர்களுக்குச் சின்னக் கூலிக்காவது போர்ட்ரெய்ட் எடுத்துச் சொன்ன தேதியில் கொடுப்பது, பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்துக்கோ துப்புரவுப் பணியாளர்களிடமோ மாதக்கணக்கில் போய்ப் பழகிப் பத்துப் படத்தில் அவர்கள் வாழ்க்கையைச் சொல்வது. ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, என்ன என்று பிழையில்லாத கேப்ஷன் வேண்டும். படத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள், நான் அதை முக்கியமாகப் பார்ப்பேன். ஒரு பழைய கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் இதற்குத் தாராளமாகப் போதும்.

வருட முடிவில் அந்தப் பத்துப் படங்களோடும் வரவு செலவு நோட்டோடும் அவளை அழைத்து வாருங்கள். புதுக் கேமரா வாங்குவதைப் பற்றி அப்போது பேசலாம்.