குற்றவாளி முகம், குறட்டை, விழுங்கிய மோதிரம்: ஒரு கால்நடை மருத்துவரின் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்தேன். "வேண்டுமென்றே செய்கிறது டாக்டர்" என்பவை ஒரு கட்டு. "இது ஒன்றும் இல்லைதானே டாக்டர்" என்பவை இன்னொரு கட்டு. முதல் கட்டுக்காரர்கள் விலங்கிடம் இல்லாத வன்மத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாவது கட்டுக்காரர்கள் அதற்கு இருக்கிற வலியைப் பார்க்காமல் விடுகிறார்கள். பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்பினால் செருப்பு நார்நாராகக் கிடக்கிறது. என் நாய் காதை மடக்கி, தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் பார்க்கிறது. தப்பு என்று தெரிந்தே செய்கிற நாயை எப்படித் திருத்துவது?

அந்த முகத்தை நீதிமன்றத்தில் காட்டினால் சாட்சியே தேவைப்படாது. ஆனாலும் அது வாக்குமூலம் இல்லை. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது, நாய் அதைத் தின்றதா இல்லையா என்று ஆய்வாளர் சொல்வார். சில சமயம் பொய்யாகவும் சொல்வார். நாய்க்கு அந்தக் குற்றவாளிக் களை வந்தது திட்டு விழுந்தபோதுதான். தின்றதற்கும் தின்னாததற்கும் அந்த முகத்தோடு சம்பந்தமே இல்லை. சமர்த்தாக இருந்தும் வீணாகத் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகக் கூனிக் குறுகின.

அது உங்கள் கோபத்தைப் பார்த்து வருகிற கெஞ்சல், அவ்வளவுதான். "நான் வாயே திறக்கவில்லையே" என்பீர்கள். கதவைத் திறந்து செருப்பைப் பார்த்த நொடியில் உங்கள் தோளும் மூச்சும் மாறியிருக்கும். நாய்க்கு அது போதும். எப்போதோ கடித்த செருப்புக்காக இப்போது அடித்தால், நீங்கள் வீடு திரும்புவதே ஆபத்தான விஷயம் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

நாலு முதல் ஆறு மாதக் குட்டியாக இருந்தால் 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கிற காலம். ஈறு நமநமவென்று இருக்கும், எதையாவது கடித்தே ஆக வேண்டும். கெட்டியான ரப்பர் பொம்மை கொடுங்கள். வளர்ந்த நாய், நீங்கள் இல்லாதபோது மட்டும் கதவோரத்தில் பிறாண்டி, குரைத்து, எச்சில் ஒழுக்குகிறது என்றால் அது தனிமையின் பயம். அதற்குப் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு. அப்புறம், செருப்பை அலமாரியில் வையுங்கள். இந்தத் துறையில் இதைவிடச் சிறந்த மருந்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: வெளியூர் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் ஆண் பூனை லிட்டர் பாக்ஸை (அது கழிப்பதற்கு மணல் போட்டு வைக்கும் பெட்டி) விட்டுவிட்டு என் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறது. இது பழிவாங்கல் இல்லாமல் வேறென்ன?

சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். பழிவாங்க வேண்டுமென்றால், உங்களுக்கு எது அதிகம் வலிக்கும் என்று யோசித்துத் திட்டம் போட வேண்டும். ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்குகிற பிராணிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வழக்கம் மாறினால் பூனைக்கு மன அழுத்தம் வரும். பல பூனைகளுக்கு அது நேராகச் சிறுநீர்ப்பையைத்தான் தாக்கும். பாக்ஸில் உட்கார்ந்தபோது எரிந்ததால், பாக்ஸ்தான் வலிக்குக் காரணம் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. பிறகு மெத்தென்ற, உங்கள் வாசனை இருக்கிற இடத்தைத் தேடுகிறது. ஒருவகையில் உங்களுக்குக் கிடைத்த பாராட்டு அது. மெத்தையைத் துவைக்கும்போது அப்படித் தோன்றாதுதான்.

இனி சிரிப்பதற்கு இல்லாத பகுதி. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகங்களோ சளி போன்ற அடைப்போ அதை மூடிவிட்டால், சிறுநீர் வெளியேறாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். திரும்பத் திரும்பப் பாக்ஸுக்குப் போய் முக்குகிறது, சொட்டுத்தான் வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை, கத்துகிறது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருந்தவர்களின் பூனைகள்தான் எங்களிடம் மிகத் தாமதமாக வந்து சேர்கின்றன.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் பாக்ஸைக் கவனியுங்கள். எத்தனை பூனையோ அதைவிட ஒரு பாக்ஸ் கூடுதலாக வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தினமும் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: நாயின் மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சலா?

இல்லை. தூங்கி எழுந்த நாய்க்கும், வெயிலில் படுத்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது மனிதரைவிட அதிகம். கொஞ்சி அணைக்கும்போது "உடம்பு சுடுகிறதே" என்று தோன்றுவது அதனால்தான். உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தெர்மாமீட்டரைப் பின்பக்கமாகத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று மாலைவரை அது உங்களோடு பேசாது.

கேள்வி: பூனைக்கு மாத்திரை கொடுப்பது எப்படி? நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பிடித்தும் முடியவில்லை.

மூன்று பேர் என்பதுதான் பிரச்சினை. ஆள் கூடக்கூட பூனைதான் ஜெயிக்கும். ஒருவர் போதும், ஒரு துண்டு போதும். கழுத்துக்குக் கீழே இறுகச் சுற்றி, முன்கால் இரண்டும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள் (வெளியே இருக்கிற கால்தான் உங்களைக் கிழிக்கும்). பின்னால் இருந்து ஒரு கையால் தலையைப் பிடித்து லேசாக மேலே நிமிர்த்துங்கள். மறு கையின் விரலால் கீழ்த்தாடையைத் திறந்து, நாக்கின் அடிப்பகுதியில் மாத்திரையைப் போட்டு வாயை மூடுங்கள். "விழுங்கிவிட்டது" என்று உடனே கொண்டாட வேண்டாம். கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நீங்கள் போன பிறகு சோபாவுக்குப் பின்னால் துப்புவதில் பூனைக்கு இணை கிடையாது.

பலர் விட்டுவிடுகிற படி அடுத்ததுதான். மாத்திரைக்குப் பின் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்து ஓரமாக மெதுவாகப் புகட்டுங்கள். பூனையின் உணவுக்குழாயில் உலர்ந்த மாத்திரை சிக்கி நின்றுவிடும். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து அப்படி நின்றால் புண்ணாகி, பிறகு குழாயே சுருங்கிப்போகும். ரொம்பச் சிரமமாக இருந்தால் திரவ மருந்து இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தோல்வி ஒன்றும் இல்லை, நாங்களும் எங்கள் பூனைகளிடம் தோற்றவர்கள்தான்.

உங்கள் மருந்துப் பெட்டியில் இருந்து மட்டும் எதையும் எடுக்காதீர்கள். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரை கொன்றுவிடலாம்.

கேள்வி: எங்கள் பக் நாய் போடுகிற குறட்டை அவ்வளவு அழகு! வீடியோ பார்த்த எல்லோரும் ரசிக்கிறார்கள். இது இந்த ரகத்துக்கு இயல்புதானே?

இந்த ரகத்தில் சாதாரணமாகக் காணப்படுவது உண்மை. அதனால் அது இயல்பு ஆகிவிடாது. தட்டையான முகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்ததில் மண்டையோடுதான் சுருங்கியது, உள்ளே இருக்கிற சதை சுருங்கவில்லை. மூக்குத்துவாரம் ஒரு கீறலாகிவிட்டது, வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கிற மென்னண்ணம் நீண்டு தொண்டையை அடைக்கிறது. உங்களுக்கு அழகாகக் கேட்கிற சத்தம், ஒரு உயிர் மூச்சுக்காகப் போராடுகிற சத்தம். மூச்சிரைப்பின் மூலம்தான் நாய் உடம்பைக் குளிர்விக்கிறது என்பதால் வெயில் நேரத்தில் இந்த நாய்கள் சட்டென்று சரிந்து விழும்.

எடையைக் குறையுங்கள். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்புப் பட்டை போடுங்கள். வெயிலில் ஓட விடாதீர்கள். மூக்குத்துவாரத்தையும் அண்ணத்தையும் சரிசெய்யும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அந்த வீடியோவை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் ரசிக்க மாட்டார், ஆனால் பயன்படும்.

கேள்வி: பூனை குர்ர்ர் என்றால் சந்தோஷம்தானே?

பெரும்பாலும். ஆனால் பிரசவ வலியில் இருக்கும் பூனையும் குர்ர்ர் என்னும், எலும்பு முறிந்து எங்கள் மேஜையில் கிடக்கும் பூனையும் குர்ர்ர் என்னும். சாப்பிடாமல், மூலையில் பதுங்கிக்கொண்டு அந்தச் சத்தம் போட்டால் சத்தத்தை விட்டுவிட்டு பூனையைப் பாருங்கள்.

கேள்வி: கிளி இரண்டு நாளாக இறகை உப்பிக்கொண்டு, கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் சோர்வுதான், ஒன்றும் இல்லைதானே?

நிறைய இருக்கிறது. பலவீனத்தைக் காட்டினால் வேட்டையாடப்படும் என்பதால் பறவைகள் நோயை மறைப்பதில் கைதேர்ந்தவை. மறைக்க முடியாமல் போகும்போதுதான் கம்பியை விட்டுக் கீழே இறங்கும். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே காட்டுங்கள். இன்னொன்று: ஒட்டாத பூச்சு உள்ள வாணலியை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

கேள்வி: காலையில் பார்த்தால் எங்கள் வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) விறைத்துச் சில்லென்று கிடந்தது. குழந்தைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் புதைத்துவிடலாமா?

பொறுங்கள்! அறை நன்றாகக் குளிர்ந்துவிட்டால் வெள்ளெலி ஒருவிதமான ஆழ்துயிலில் போய்விடும். மூச்சும் இதயத்துடிப்பும் கண்ணுக்கே தெரியாத அளவு குறைந்துவிடும். கையில் பொத்தி மெதுவாகச் சூடேற்றுங்கள், மீசை அசைகிறதா என்று பாருங்கள். விழித்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உயிரோடு புதைத்த பாவம் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: 10 வயது நாய். படியேறத் தயங்குகிறது, நடக்கக் கூப்பிட்டால் வருவதில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதானே?

வயது ஒரு நோயின் பெயர் இல்லை. படியேறத் தயங்குவது பெரும்பாலும் மூட்டு வலி. "வலித்தால் கத்துமே" என்பார்கள். கத்தாது, காரியங்களை ஒவ்வொன்றாக விட்டுவிடும். முதலில் படி, பிறகு சோபா, பிறகு வாசலுக்கு ஓடி வருவது. ஒவ்வொன்றாகப் போவதால் கூடவே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு வருடத்துக்கு முந்தைய வீடியோவை எடுத்துப் பாருங்கள், திடுக்கிடுவீர்கள்.

எடை குறைத்தல், வழுக்காத தரைவிரிப்பு, நாய்களுக்கென்றே உள்ள வலி மருந்து இவை மூன்றும் சேர்ந்தால் பல நாய்கள் இரண்டு வருடம் இளமையாகிவிடும். நீங்கள் போட்டுக்கொள்கிற இபுப்ரோஃபென் கூடாது, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். அப்புறம், நாயின் வயதை ஏழால் பெருக்குவது தப்புக்கணக்கு. முதல் வருடமே மனிதரின் 15 வயதுக்குச் சமம். பிறகு வேகம் குறையும். பெரிய ரக நாய்கள் சிறிய ரகத்தைவிடச் சீக்கிரம் முதுமையடையும்.

கேள்வி: 14 வயது நாய்க்குப் புற்றுநோய். கருணைக்கொலை செய்வதா என்ற முடிவு இனி உங்கள் கையில் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அப்போது நான் உள்ளே இருக்க வேண்டுமா? எனக்குத் தைரியம் இல்லை.

"நேரம் வந்தால் அதுவே கண்ணால் சொல்லிவிடும்" என்பார்கள். பெரும்பாலும் சொல்லாது. வலியோடும் வாலாட்டுகிற ஜீவன் அது. அதனால் நாம்தான் கணக்கு வைக்க வேண்டும். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் இதற்காக ஒரு அளவுகோல் தந்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண், நிலைமை நன்றாக இருந்தால் அதிக மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் இருக்கிறவரை வாழ்க்கை ஏற்கத்தக்கது என்று கொள்ளலாம். வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நம்பிக்கையில் போடுவார், மற்றவர் பார்த்ததைப் போடுவார்.

நடப்பது இதுதான். முதலில் ஒரு மயக்க ஊசி, அது தூங்கிவிடும். பிறகு ரத்தக்குழாய் வழியாக மயக்க மருந்தே அளவு கூட்டிச் செலுத்தப்படும். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடாது. அதன் பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் கழியலாம். எதுவும் வலி இல்லை, உணர்வு முன்பே போயிருக்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பலர் அந்தக் கண்களை நினைத்து வருடக்கணக்கில் வருந்துகிறார்கள்.

முடிந்தால் உள்ளே இருங்கள். அந்த மேஜை புதிது, வாசனை புதிது, நான் புதிது. அதற்குத் தெரிந்தது உங்கள் குரல் மட்டும்தான். முடியவில்லை என்றால் மயக்க ஊசி வேலை செய்கிறவரை இருந்துவிட்டு வெளியே போங்கள். அதற்குப் பிறகு அது உங்களைத் தேடாது, நீங்கள் விட்டுப்போனதாகவும் ஆகாது. அழுதால் வெட்கப்பட வேண்டாம். எங்கள் அறையில் டிஷ்யூ டப்பா விலங்குகளுக்காக வைத்திருப்பது இல்லை, உங்களுக்காகவும் இல்லை சில நாள்.

வீட்டில் குழந்தை இருந்தால் "ஊருக்குப் போயிருக்கிறது" என்று சொல்லாதீர்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் பூனை போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்னொன்று வளர்க்க ஆசையாக இருக்கிறது. துரோகமா?

இல்லை. ஆனால் அதே நிறம், அதே பெயர் வேண்டாம். புதிதாக வருவது பழையதைப் போல நடந்துகொள்ளாது, பாவம், அதற்கு ஏன் அந்தப் பரீட்சை.

கேள்வி: நாய் என் நிச்சயதார்த்த மோதிரத்தை விழுங்கிவிட்டது. எப்போது வரும்? அவருக்குத் தெரியாது.

உலோகம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், முதலில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் டாக்டர் ஊசி போட்டே வாந்தி எடுக்க வைக்க முடியும். வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து முயற்சி செய்யாதீர்கள், உப்பே விஷமாகிவிடும். வயிற்றைத் தாண்டிவிட்டால் வழவழப்பான மோதிரம் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக வரும். கையுறை, பழைய செய்தித்தாள், பொறுமை மூன்றும் வேண்டும். வாந்தி, வயிற்று வலி, சாப்பாட்டில் வெறுப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது.

மோதிரம் பரவாயில்லை. விழுங்கியது பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும், ஒன்றுக்கு மேற்பட்ட காந்தம் என்றால் குடலையே ஓட்டையாக்கும். இரண்டுமே ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத அவசரம். பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், மறுமுனை குடலை அறுத்துக்கொண்டிருக்கும்.

மோதிரம் வந்ததும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். கல் பதித்திருந்தால் பழைய பல்துலக்கியால் இடுக்குகளைத் தேயுங்கள். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதற்கு நான் மருந்து எழுத முடியாது.