அம்மா பார்க்கும் குழந்தைகள்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. இரண்டு கண்ணிலும் உலர் வகை மாகுலா சிதைவு, இதற்குச் சிகிச்சை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து புத்தகத்தைத் தொடுவதே இல்லை. போன வாரம், “சுவரோரமா ரெண்டு குழந்தைங்க நிக்குது, வாயே திறக்க மாட்டேங்குது” என்றார். புத்தி தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது. பார்வை முழுதும் போய்விடுமா?

பதில்: முதலில் அந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசிவிடுவோம். கண்ணிலிருந்து தகவல் குறையும்போது மூளை தானாகவே படங்களை உருவாக்கிக் காட்டுவதுண்டு. மனிதர்கள், பூக்கள், கட்டம் கட்டமான கோலங்கள் என்று எது வேண்டுமானாலும் தெரியலாம். பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760-ல் எழுதி வைத்தவர் சார்லஸ் போனே. அவர் பெயரில்தான் இது சார்லஸ் போனே நோய்க்குறி எனப்படுகிறது. இது மனநோய் அல்ல. அந்த உருவங்களுக்குக் குரல் இருக்காது, அவை நிஜமில்லை என்பதும் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் புரிந்திருக்கும். “அவங்க நிஜமா இருக்காங்களாம்மா?” என்று பதறாமல் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் மனசு கொஞ்சம் லேசாகும். நிஜம் என்று நம்பினாலோ, குரல் கேட்டாலோ, மறதியும் குழப்பமும் சேர்ந்திருந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். உருவம் தெரியும்போது விளக்கைப் போடுவதும், கண்ணை இடமும் வலமும் சில முறை வேகமாக அசைப்பதும் பலருக்கு உதவுகிறது. பைத்தியம் என்பார்களோ என்று பயந்து இதை வெளியே சொல்லாதவர்கள் நிறைய. உங்கள் அம்மா சொல்லிவிட்டார், அது எவ்வளவோ நல்லது.

பார்வை முழுதும் போகாது. மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. அது பழுதானால் எதிரே இருப்பவரின் முகம், படிக்கும் எழுத்து, ஊசியின் காது எல்லாம் மங்கும். ஓரப் பார்வை தங்கும், நடமாட அது போதும். ‘சிகிச்சை இல்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்பியதில் எனக்கு உடன்பாடில்லை. இழந்த செல்களை மீட்க முடியாதுதான். ஆனால் பார்வையைச் சற்று ஓரமாகத் திருப்பி, நல்ல பகுதியால் பார்க்கப் பழக்குவார்கள். குறைபார்வைப் பயிற்சி தரும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் விழும் வெளிச்சம், விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, ஃபோனில் பெரிய எழுத்து ஆகியவற்றோடு படிப்பு திரும்பலாம். பழைய வேகம் வராது.

நோய் நடுத்தரக் கட்டத்தில் இருந்தால், வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டீன், ஸீயாக்ஸாந்தின் சேர்ந்த மாத்திரை அது முற்றுவதன் வேகத்தைக் குறைக்கும். ஆரம்பக் கட்டத்தில் பயனில்லை. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். வீட்டில் யாராவது புகைத்தால் இன்றோடு நிறுத்தட்டும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். உலர் வகை ஈர வகையாக மாறலாம். அப்போது புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போட வேண்டும். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கட்டம் போட்ட தாளை அம்மா தினமும் பார்க்கட்டும். இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். நேர்கோடு திடீரென்று வளைந்தாலோ, புதிதாகக் கரும்புள்ளி தெரிந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கண் டாக்டரைக் கூப்பிடுங்கள்.