அளந்த பிறகு வெட்டுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

6, 7, 8-ஆம் வகுப்புகளில் பொறியியல் வடிவமைப்பையும் மருத்துவ அறிவியலையும் சேர்த்து நடத்தும் அறிமுகப் பாடம் பற்றி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 7-ஆம் வகுப்புக்கு இந்தப் பாடத்தைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் 2 பீரியட். இதுவரை கண்காட்சிக்குத் தெர்மாகோல் மாடல் செய்துதான் பழக்கம். முதல் வேலையாக எதைக் கொடுக்கலாம்?
– அறிவியல் ஆசிரியை, ஆம்பூர்

பதில்: தோலும் ஷூவும் செய்யும் ஆம்பூரில் இருந்துகொண்டு வேறெங்கும் தேட வேண்டாம், செருப்பையே எடுங்கள். பாதத்தில் உணர்ச்சி போன ஒருவருக்கான செருப்பு.

சர்க்கரை நோய் முற்றியவர்கள் பலருக்கும், தொழுநோயால் நரம்பு கெட்டவர்களுக்கும் பாதத்தில் வலி தெரியாது. நமக்குக் கால் கடுத்தால் நம்மையறியாமல் மாற்றி வைக்கிறோம். அவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்திப் புண்ணாகும். இவர்களுக்காக வந்த எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு, நம் பகுதிக்கு அந்நியமானதல்ல. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையமும் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள்.

தெர்மாகோல் மாடலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாடல் செய்து முடித்ததும் வேலை தீர்ந்துவிடுகிறது. இங்கே செய்வதற்கு முன்பே, 'இது தேறியது' என்று எந்த அளவை வைத்துச் சொல்வோம் என நோட்டில் எழுதியாக வேண்டும். முதல் 2 வாரம் கத்தரிக்கோலையே வெளியே எடுக்காதீர்கள்.

முதலில் பாதத்தை அளக்க வேண்டும். உள்ளங்காலில் ஸ்டாம்ப் மை தடவி, கிராப் தாளில் நிற்க வையுங்கள். உட்கார்ந்தபடி எடுத்தால் பாதம் விரியாது, அளவு குறைந்துவிடும். மாலையில் எடுப்பது நல்லது, நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மை பட்ட சதுரங்களை எண்ணினால் பரப்பளவு வந்துவிடும். 60 கிலோ எடையுள்ளவரின் இரண்டு பாதமும் சேர்ந்து 200 சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ. நடக்கும்போது ஒரு குதிகால் மட்டும் ஊன்றும் நேரத்தில் அதே 60 கிலோ சுமார் 30 சதுர செ.மீ.யில் இறங்குகிறது. அப்போது 2 கிலோ. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். குதிகால் பகுதிக்கு ஏன் தனிக் கவனம் வேண்டும் என்பது அவர்களுக்கே பிடிபடும்.

அடுத்தது பொருளைச் சோதிப்பது. எம்.சி.ஆர்., ஈ.வி.ஏ. ஷீட் (செருப்பு, ஷூவுக்குப் போடும் நுரை ஷீட்), பேக்கிங் ஃபோம், மெத்தை ஸ்பாஞ்ச் ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் 2-க்கு 2 செ.மீ. துண்டுகள் 4 வெட்டுங்கள். ஒரே வகைத் துண்டுகளைப் பலகையின் 4 மூலைக்கும் அடியில் வைத்து, மேலே 32 கிலோ ஏற்றுங்கள். மொத்தப் பரப்பு 16 சதுர செ.மீ., ஆக ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் அதே 2 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும் 4 செங்கல்லும் ஏறக்குறைய இந்த எடை வரும், இருந்தாலும் தராசில் நிறுத்துப் பாருங்கள். தடிமனை வெர்னியரில் 3 முறை அளக்க வேண்டும்: ஏற்றும் முன், பாரம் இருக்கும்போது, ஒரு இரவு வைத்து இறக்கிய 1 மணி நேரம் கழித்து. பாரத்தில் பாதிக்கு மேல் அமுங்கக் கூடாது, இறக்கியதும் பழைய தடிமனில் 10-க்கு 9 பங்காவது திரும்ப வேண்டும் என்பது வகுப்புக்குப் போதுமான வரம்பு. ஸ்பாஞ்ச் கைக்கு மெத்தென்று இருக்கும், பாரத்தில் அப்பளமாகிவிடும். 'மெத்தென்று இருந்தால் போதும்' என்று நினைத்த பிள்ளைகள் வாயடைத்துப் போகும் இடம் இது.

வடிவத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. கட்டை விரல் இடுக்கில் வார் வரக் கூடாது, அங்கேதான் உரசும். பின்வார் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததுகூட அவருக்குத் தெரியாது. ஆணி ஒன்றுகூட அடிக்கக் கூடாது, தையலும் பசையும் மட்டுமே. எம்.சி.ஆருக்கு அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர் ஒரு அடுக்கு. ஷூ பசையை இரண்டு பரப்பிலும் தடவி, 10 முதல் 15 நிமிடம் காய்ந்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகே அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டுவதால்தான் 2 நாளில் வாய் பிளக்கிறது. பசை நெடி தலைக்கு ஏறும், ஆகவே அந்த வேலையை வராண்டாவில் நீங்களே செய்யுங்கள். ஷீட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஷூ கம்பெனிகளில் வெட்டுமீதி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பிள்ளைகள் செய்த செருப்பை உணர்ச்சி இல்லாத காலில் போட்டுப் பார்க்கக் கூடாது. நல்ல கால் உள்ளவர் போட்டு நடந்து, எங்கே உறுத்துகிறது என்று சொல்லட்டும்.

கேள்வி: அட்டை, ஸ்ட்ரா, நூல் வைத்துச் செயற்கைக் கை செய்தேன். நூலை இழுத்தால் விரல் பாதிதான் மடங்குகிறது. விட்டால் நிமிரவில்லை. சுண்டு விரல் பக்கவாட்டில் சாய்கிறது.
– 8-ஆம் வகுப்பு மாணவன், குடியாத்தம்

பதில்: தம்பி, மூன்றும் தனித்தனிக் கோளாறு. ஒவ்வொன்றாகச் சரி செய்.

பாதி மடங்குவது கணக்குப் பிசகு. நூல் மடிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று ஸ்கேலில் அளந்து பார். 5 மி.மீ. என்று வைத்துக்கொள். ஒரு மூட்டு 90 டிகிரி மடங்க, நூல் 5 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் கால் பங்கு போக வேண்டும், அது சுமார் 8 மி.மீ. விரலுக்கு 3 மூட்டு, ஆக 24 மி.மீ. நூல் நுனியில் நீ பிடித்து இழுக்கும் வளையத்தை 15 மி.மீ. மட்டும் இழுக்க இடம் இருந்தால் விரல் எப்படி முழுசாக மடங்கும்? வளையத்துக்கு 30 மி.மீ. இடம் விடு. நூலை 10 மி.மீ. தள்ளி ஓடவிட்டால் இழுக்க வேண்டிய தூரம் இரட்டிப்பாகும், ஆனால் பாதி பலம் போதும். எது வேண்டும் என்பதை நீ என்ன தூக்கப் போகிறாய் என்பதை வைத்து முடிவு செய். தையல் நூல் இழுபடும், தூண்டில் நரம்பு போடு. நுனியில் வெறும் முடிச்சு நழுவும், சட்டைப் பொத்தான் ஒன்றைக் கோத்துக் கட்டு.

நிமிராததற்குக் காரணம், மடக்க நூல் வைத்த நீ நிமிர்த்த எதுவும் வைக்கவில்லை. விரலின் முதுகுப் பக்கம் மெல்லிய ரப்பர் பேண்டை லேசான இழுவிசையில் ஒட்டு. இறுக்கிவிட்டால் மடக்கவே முடியாது. சாய்வது, ஸ்ட்ரா துண்டு நடுக்கோட்டில் இல்லாததாலும் மடிப்பு கோணலாக விழுந்ததாலும். மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டுப் பிறகு மடி. மூட்டின் இரு பக்கமும் ஸ்ட்ராவுக்கு இடையில் 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விடு. குறைந்தால் ஸ்ட்ரா ஒன்றையொன்று முட்டும்.

கறிக்கடையில் கோழிப் பாதம் ஒன்று வாங்கி, வெட்டிய இடத்தில் தெரியும் வெள்ளைத் தசைநாரை இடுக்கியால் இழுத்துப் பார். கோழியின் விரல்கள் மடங்கும். உன் விரலை மடக்கும் பெரிய தசைகளும் விரலில் இல்லை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. முஷ்டி பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த இடத்தைத் தொட்டால் தெரியும். 1940-களின் இறுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப் போன கைகளில் வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரல்களை மறுபடி வேலை செய்ய வைத்தார். நீ நூலை எந்த வழியாக ஓட்டுவது என்று யோசிக்கிறாயே, அந்த அறுவையில் முக்கியமான யோசனையும் அதுதான். கோழிப் பாதத்தைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவு.

கேள்வி: நோய் பரவுவதைக் காட்ட, பிள்ளைகள் இருவர் இருவராகக் கிண்ணத் தண்ணீரை ஒன்றாகக் கலந்து பாதிப் பாதியாக மாற்றிக்கொள்ளும் சோதனை செய்தோம். ஒரு கிண்ணத்தில் மட்டும் ஆப்பசோடா. கடைசியில் மஞ்சள் தண்ணீர் விட்டால் நிறம் சரியாக மாறவில்லை. யார் கிண்ணத்தில் சோடா என்பதும் முதலிலேயே தெரிந்துவிட்டது.
– ஆசிரியர், வாலாஜாபேட்டை

பதில்: நல்ல சோதனை, கைவிடாதீர்கள். ஆப்பசோடாவின் காரம் மஞ்சளைச் சிவப்பாக்கப் போதாது, அதுவும் ஒவ்வொரு மாற்றலிலும் நீர்த்துக்கொண்டே போகிறது. 3 சுற்று முடிந்தால் எட்டில் ஒரு பங்காகிவிடும். துணி துவைக்கும் வாஷிங் சோடாவை 100 மி.லி.க்கு ஒரு டீஸ்பூன் போடுங்கள். எட்டில் ஒரு பங்கானாலும் மஞ்சள் நன்றாகச் சிவக்கும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைக்காமல் ஸ்பிரிட்டில் கலக்கி வடிகட்டினால் நிறம் தெளிவாக இருக்கும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

முதலிலேயே தெரிந்துபோனது உங்கள் போர் தண்ணீரால் இருக்கலாம். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரில் சோடா பட்டால் வெண்மையாகக் கலங்கும். கேன் தண்ணீரோ மழைநீரோ எடுங்கள். ஆரம்பிக்கும் முன் வெறும் தண்ணீரில் மஞ்சள் விட்டு, நிறம் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாஷிங் சோடா தோலையும் கண்ணையும் உறுத்தும், கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், வாயில் படவே கூடாது.

16 பேர், 3 சுற்று. ஒரு கிண்ணத்தில் தொடங்கினால் 2, 4, 8 என்று அதிகபட்சம் 8 பேரைப் போய்ச் சேரும். ஒவ்வொருவரும் எந்தச் சுற்றில் யாரோடு மாற்றினார் என்பதை அப்போதைக்கப்போது எழுதட்டும். கடைசியில் கேட்டால் ஞாபகம் இருக்காது, பட்டியல் பொருந்தாது. அந்தப் பட்டியலை வைத்துப் பின்னோக்கித் துப்பறிந்தால் முதல் சுற்றில் மாற்றிக்கொண்ட 2 பேர் வரை வரலாம். அதற்கு மேல் பிரிக்க முடியாது, ஏனென்றால் முதல் மாற்றத்திலேயே இரண்டு கிண்ணமும் ஒன்றாகிவிட்டன. 'அப்படியானால் என்ன இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்போம்?' என்று கேளுங்கள். தொடங்கும் முன் எடுத்து வைத்த மாதிரி என்ற பதில் வர வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் 5 மி.லி. முன்பே எடுத்து, பெயர் எழுதி ஒளித்து வைத்திருங்கள். பிள்ளைகள் கேட்டால் மட்டும் வெளியே எடுங்கள்.

கேள்வி: நாடித் துடிப்பை எண்ணச் சொன்னால் ஒரே பிள்ளைக்கு 3 பேர் 3 எண் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– உடற்கல்வி ஆசிரியர், ஆற்காடு

பதில்: எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்கினால், எண்ணிக்கையில் ஒன்று தவறினாலே விடையில் 4 தவறும். முழு 1 நிமிடம் எண்ணட்டும். கட்டை விரலால் பிடித்தால் அதன் துடிப்பே குழப்பும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். 12 வயதுப் பிள்ளைக்கு ஓய்வில் பொதுவாக 70 முதல் 100-க்குள் இருக்கும். மாடிப்படி ஏறி வந்த உடனே எண்ணினால் அது ஓய்வு அல்ல, 5 நிமிடம் உட்கார வையுங்கள். 3 பேரின் எண்ணையும் எழுதிச் சராசரியோடு வீச்சையும், அதாவது பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தையும், குறியுங்கள். வீச்சு 4-க்கு மேல் போனால் மறுபடி எண்ணட்டும்.

கேள்வி: என் மகள் 8-ஆம் வகுப்பு. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்கிறாள். பிளஸ் 1-இல் பயாலஜி எடுத்தால் போதுமா?
– ஒரு தாய், சத்துவாச்சாரி

பதில்: போதாது. நம் மாநிலத்தில் பி.இ. சேர்க்கைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு கிடைத்தால் அவளுக்கு ரொம்பப் பொருத்தம். கணிதத்தை விட்டுவிட்டுப் போனால் பிறகு திரும்பி வருவது கடினம். பின்னால் மேற்படிப்புக்கு வழிகள் பக்கத்திலேயே உண்டு. கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்.கை சென்னை ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம், வேலூர் சி.எம்.சி. மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது? நன்றாகச் செய்தவனுக்கும் அழகாகச் செய்தவனுக்கும் வித்தியாசம் காட்ட முடியவில்லை.
– தலைமை ஆசிரியர், திருப்பத்தூர்

பதில்: பொருளைப் பார்க்கும் முன் நோட்டைப் பாருங்கள். 50 மதிப்பெண்ணில், தேவையை எண்ணோடு எழுதியதற்கு 10, அளவெடுத்ததற்கு 10, சோதித்த அட்டவணைக்கு 15, சோதனைக்குப் பிறகு எதை ஏன் மாற்றினான் என்பதற்கு 15. சோதனையில் தோற்ற பொருளுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கலாம். நோட்டில் தேதி இருக்க வேண்டும், பேனாவில் எழுத வேண்டும், தவறினால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், தாளைக் கிழிக்கக் கூடாது. 'ஃபேர் நோட்' என்று தனியாக எழுதி வரச் சொல்லாதீர்கள். அதில் முதலில் காணாமல் போவது தோற்ற சோதனையின் எண்கள்தான். கலர் பேப்பருக்கும் ஜிகினாவுக்கும் மதிப்பெண் கிடையாது என்பதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.