டிராமிசு பாணிப் பிறந்தநாள் கேக்கை மதுரை வெயிலில் வீட்டிலேயே அலங்காரமாகச் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். மகளின் பிறந்தநாள் வைகாசியில் வருகிறது, வீட்டில் சிறிய ஓடிஜி மின் அடுப்பு ஒன்று இருக்கிறது, மாமியார் முட்டை சேர்ப்பதில்லை, மாடி ஹாலில் ஏசி கிடையாது என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். பேக்கரி கேக்கைப் போல அடுக்கடுக்காக உயர்த்தி, சுற்றிலும் கிரீம் பூசி, அதன்மேல் பூக்களையும் பொம்மைகளையும் ஏற்றுகிற அலங்காரத்தை டிராமிசு தாங்காது. டிராமிசு என்ற இந்த இத்தாலிய இனிப்பின் உள்ளே இருப்பவை காபியில் ஊறிய பிஸ்கட்டும் மென்மையான கிரீமும் மட்டுமே. அதற்கு வெளியிலிருந்து அலங்காரம் தேடாமல், அதைத் தாங்கி நிற்கிற பிஸ்கட்டையும் அதன்மேல் தூவுகிற கோகோவையுமே அலங்காரமாக்கிவிட்டால், அழகும் கிடைக்கும், வெயிலிலும் சரியாது.

இப்படி வட்டமாகச் செய்வது மரபை மீறுவதாகிவிடுமோ என்ற தயக்கம் வேண்டாம். இத்தாலியின் ட்ரெவிசோ நகரில் 'லெ பெக்கெரியே' என்ற உணவகத்தில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த இனிப்பு பரிமாறப்பட்டபோது அது வட்ட வடிவத்தில்தான் இருந்தது. சதுரத் தட்டில் பரப்பி வெட்டுவது பின்னால் வந்த வசதி. பக்கத்து மாநிலமான ஃப்ரியூலியும் இதற்கு உரிமை கோருகிறது, அந்த வழக்கு இங்கே நமக்குத் தேவையில்லை. இத்தாலியச் சமையல் கழகம் 2010இல் ட்ரெவிசோவில் பதிவுசெய்த செய்முறையில் முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, மஸ்கர்போனே என்ற மென்மையான கிரீம் சீஸ், பிஸ்கட், காபி, கோகோ ஆகியவை மட்டுமே உள்ளன. மது அதில் கிடையாது. ஆகவே ரம் ஊற்றாவிட்டால் அசல் சுவை வராது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் வீட்டில் தவிர்க்க வேண்டியது முட்டை ஒன்றைத்தான்.

மஸ்கர்போனேயிலிருந்து தொடங்குங்கள், அதற்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும். டப்பாவில் வருகிற இறக்குமதிச் சரக்கின் விலை ஒரு குடும்பக் கேக்குக்குக் கட்டுப்படியாகாது, வீட்டில் செய்வதோ எளிது. டெட்ரா பேக்கில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் ஒரு லிட்டரை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே 85 டிகிரி வரை சூடாக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பி, நடுவில் இன்னும் கொதி வராத நிலையே அளவு. அப்போது இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டு மூன்று நான்கு நிமிடம் கிளறினால் பால் திரிவதுபோல் கட்டி கட்டியாகப் பிரியாமல், கரண்டியின் முதுகில் படிகிற பதத்திற்குத் தடிக்கும். நன்றாக ஆறிய பிறகு, நான்காக மடித்த வேட்டித் துணியில் ஊற்றி, வடிதட்டின் மேல் வைத்து, ஃபிரிட்ஜுக்குள் இரவு முழுவதும் வடிய விடுங்கள். காலையில் சுமார் அரைக் கிலோ கிடைக்கும்.

பிஸ்கட்டுக்கு முட்டை இல்லாத தயிர் ஸ்பாஞ்ச் போதும். புளிக்காத தயிர் 300 கிராமில் பொடித்த சர்க்கரை 200 கிராமையும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவையும் கலந்து நுரைக்க விட்டு, வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, சலித்த மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி சேர்த்து, கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால் விட்டு, இரண்டு தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி 180 டிகிரியில் கால் மணி நேரம் போலச் சுட்டு எடுங்கள். ஒரு தட்டிலிருந்து ஆறு அங்குல வட்டம் இரண்டு வெட்ட வேண்டும். மற்றதை ஓர் அங்குல அகலமும் மூன்று அங்குல உயரமும் உள்ள விரல் துண்டுகளாக வெட்டி, 110 டிகிரியில் அரை மணி முதல் நாற்பது நிமிடம் வரை மறுபடியும் வைத்து, வெளிப்புறம் மொறுமொறுப்பாகும்வரை உலர்த்த வேண்டும். ஏழு அங்குல டின்னின் சுற்றளவு 22 அங்குலம் என்பதால் 22 துண்டுகளும், உடைந்தால் மாற்றுவதற்கு இரண்டு மூன்றும் வேண்டும். நேரமில்லாதவர்கள் பேக்கரியில் விற்கும் கேக் ரஸ்க்கையே சுவராக நிறுத்தலாம். ஆனால் அதில் பெரும்பாலும் முட்டை இருக்கும், உங்கள் மாமியாருக்காகக் கேட்டு வாங்குங்கள். ஏலக்காய் போட்ட ரஸ்க் மட்டும் வேண்டாம், அந்த வாசனை காபியை அடித்துவிடும்.

காபி விஷயத்தில் நாம் இத்தாலிக்காரர்களைவிட அதிகம் பின்தங்கியவர்கள் அல்ல. பட்டிவீரன்பட்டிப் பக்கமும் தாண்டிக்குடி மலையிலும் விளைகிற காபிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகள் மதுரையில் இருக்கின்றன. அங்கே சிக்கரி கலக்காத பொடியைக் கேட்டு வாங்கி, பித்தளை ஃபில்டரில் முதல் டிக்காஷன் இறக்குங்கள். சிக்கரி கலந்த பொடியில் டிக்காஷன் கறுப்பாகவும் தடிப்பாகவும் இறங்கும், பாலோடு சேரும்போது அது நன்றாகவே இருக்கும்; சர்க்கரை குறைந்த கிரீமுக்கு அருகில் அதன் கசப்பு தூக்கலாகத் தெரியும். டிக்காஷனைக் கட்டாயம் ஆற வைக்க வேண்டும், சூடாக இருந்தால் ஸ்பாஞ்ச் குழைந்துவிடும். வட்டத் துண்டுகளை அதில் முக்காமல், பிரஷ்ஷால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மேசைக்கரண்டி அளவு மட்டும் தடவுங்கள். தயிர் ஸ்பாஞ்ச் அதற்கு மேலும் குடிக்கும். குடிக்க விட்டால் மறுநாள் கேக்கின் அடியில் பழுப்புநிறத் தண்ணீர் தேங்கும். சிறு குழந்தைகள் வருவார்களானால் டிக்காஷனுக்குப் பதில் கோகோ கலந்த பாலைத் தடவி ஒரு சிறிய கிண்ணத்தில் தனியாகச் செய்துவிடுவது, கேக்கையே இரண்டு சுவையாகப் பிரிப்பதைவிட எளிது.

இனி கிரீமுக்கு வருகிறேன், வைகாசியில் வெற்றி தோல்வி இங்கேதான் முடிவாகிறது. 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. அதற்கு 30 சதவீதத்திற்கு மேல் கொழுப்பு வேண்டும். பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் பால் சேராத விப்பிங் கிரீம் வெயிலில் நன்றாக நிற்கும், ஆனால் அதிலுள்ள தாவரக் கொழுப்பு நாக்கில் எளிதில் கரையாமல் மேலண்ணத்தில் ஒரு படலமாகத் தங்கும். என் யோசனை, 30 சதவீதத்திற்கு மேல் கொழுப்புள்ள பால் கிரீம் இரண்டு பங்குக்குப் பால் சேராதது ஒரு பங்கு என்ற கலவை. மொத்தம் 200 மில்லி போதும். பால் சேராதது ஏற்கெனவே இனிப்பானது என்பதால் சர்க்கரையை 100 கிராமிலிருந்து 80ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தையும் பீட்டரின் கம்பிகளையும் ஃபிரீசரில் வைத்து எடுத்து, வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை காபிக்கு அடுத்த வேலையாக இதை முடித்துவிடுவது நல்லது. மஸ்கர்போனேயை பீட்டரில் அடிக்கவே வேண்டாம், கரண்டியால் குழைத்தால் போதும். அதிகம் அடித்தால் வெண்ணெய் தனியே திரளும்.

கிரீமை இறுக்குவதற்கு, விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் சைவ வீட்டுக்கு ஒத்துவராது. நோன்புக் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவார்களே, அந்தக் கடல்பாசிதான் சரி. ஆனால் இரண்டின் சுபாவமும் வேறு. ஜெலட்டின் 35 டிகிரிக்குள் இளகிவிடும், அதாவது மே மாத மதுரையின் பகல் வெப்பமே அதை உருக்கப் போதும். கடல்பாசி ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி வரை உருகாது. ஆனால் 40 டிகிரிக்குக் கீழே ஆறினாலே அது இறுகிவிடும் என்பதால், கொதித்த கடல்பாசியைக் குளிர்ந்த கிரீமில் நேரடியாக ஊற்றினால் விழுந்த இடத்திலேயே உறைந்து மணி மணியாகத் திரண்டு, வாயில் நறநறவென்று தட்டும். கடல்பாசித் தூள் ஒரு தேக்கரண்டியை 100 மில்லி பாலில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து முன்பே எடுத்து வைத்த மஸ்கர்போனேயில் மூன்று கரண்டியை அதில் போட்டுச் சூட்டைத் தணித்து, பிறகு அந்தக் கலவையை மீதி மஸ்கர்போனேயில் விட்டு வேகமாகக் கலக்கி, கடைசியாகவே நுரைத்த கிரீமை மடித்துச் சேர்க்க வேண்டும். இதற்கிடையில் ஃபோன் அடித்தால் எடுக்காதீர்கள்.

அடி கழலும் டின்னில் விரல் துண்டுகளைச் சுற்றிலும் நெருக்கமாக நிறுத்தி, உள்ளே ஒரு வட்டம், கிரீம், மறு வட்டம், கிரீம் என்று நிரப்புங்கள். சுவர்த் துண்டுகளுக்கு டிக்காஷன் தடவக் கூடாது. கிரீமின் ஈரம் உட்பக்கத்தை மட்டும் நனைக்கும், வெளிப்பக்கம் நிமிர்ந்து நிற்கும். முந்தைய நாள் செய்து இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் டின்னைக் கழற்றியவுடன் கேக்கின் இடுப்பைச் சுற்றி மகளுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு ரிப்பன் கட்டினால் பாதி அலங்காரம் முடிந்தது.

மீதி அலங்காரம் கோகோவில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் துளையிட்ட கோலத் தட்டுகள் விற்கிறார்கள். ஏழு அங்குல அகலத்தில் ஒரு புதிய தட்டை வாங்கிக் கழுவித் துடைத்து, கேக்குக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கோலமாவுக்குப் பயன்படுத்தியதை எடுக்கக் கூடாது. கிரீமின் மேற்பரப்பைச் சுவரின் உச்சிக்கு அரை அங்குலம் கீழே மட்டமாக்கியிருந்தால், தட்டு கிரீமில் ஒட்டாமல் பிஸ்கட் உச்சிகளின் மேலேயே உட்காரும். டீ வடிகட்டியில் கோகோவைப் போட்டு விளிம்பில் மெல்லத் தட்டித் தட்டித் தூவி, தட்டை நேராக மேலே தூக்கினால், வெள்ளைக் கிரீமில் பழுப்புநிறச் சிக்குக்கோலம் பதிந்திருக்கும். இதை வெட்டுவதற்குச் சற்று முன்னால் மட்டுமே செய்ய வேண்டும், முன்கூட்டியே தூவினால் கோகோ கிரீமின் ஈரத்தை இழுத்துக் கறுத்து, கோடுகள் கசிந்துவிடும்.

பெயரை, கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட்டில் எழுதுங்கள். அசல் சாக்லேட்டைப் பதம்பிடித்து உறைய வைப்பது இந்த வெப்பத்தில் வீண் போராட்டம். தாளில் பெயரைப் பேனாவால் எழுதி, மேலே பட்டர் பேப்பரை விரித்து, அதன் வழியே தெரிகிற எழுத்தின் மேல் சாக்லேட்டைப் பிழிந்து குளிரவைத்து உரித்தெடுக்கலாம். பெயரில் மெய்யெழுத்து இருந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியே உதிரும். எழுத்தைக் கிரீமில் வைத்த பிறகு புள்ளியை நேரடியாக ஒரு சொட்டாக வையுங்கள். சர்க்கரைப் பசையில் செய்கிற ஃபாண்டன்ட் பொம்மைகள் ஈரக் கிரீமில் வியர்த்துக் கரையும், அவற்றை விட்டுவிடுங்கள். மதுரையில் இருந்துகொண்டு மல்லிகையை வைக்காமல் இருப்பது எப்படி என்று தோன்றும். சந்தைக்கு வரும் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம், வாசனையும் காபியோடு மல்லுக்கட்டும். சரமாகத் தாம்பாளத்தின் ஓரத்தில் சுற்றுங்கள், கேக்கின் மேல் வேண்டாம்.

மெழுகுவர்த்தியை நடுவில் நட்டு ஊதச் சொன்னால் கோகோ முழுவதும் பிறந்தநாள் குழந்தையின் பட்டுப்பாவாடையில் இருக்கும். சுவரை ஒட்டி ஓரமாக ஒன்றே ஒன்றைக் குத்துங்கள், அல்லது மாமியார் விரும்புவதுபோல் பக்கத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டு ஊதாமலே வெட்டுங்கள். ஏசி இல்லாத மாடி ஹாலுக்கு, எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகே கேக்கைக் கொண்டு வர வேண்டும். போட்டோவுக்காக இருபது நிமிடத்திற்கு மேல் மேசையில் காத்திருக்க வைப்பது ஆபத்து. அத்தை வீடோ சித்தப்பா வீடோ என்று வேறெங்காவது எடுத்துச் செல்வதானால், தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலங்களோடு, டின்னைக் கழற்றாமல், காரிலோ ஆட்டோவிலோ மடியில் வைத்துப் போங்கள். டூ வீலர் சரிப்படாது. ரிப்பனும் கோலமும் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

வெட்டும்போது ரிப்பனை அவிழ்த்துவிட்டு, வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியை இரண்டு சுவர்த் துண்டுகளுக்கு நடுவே இறக்குங்கள். ஆளுக்கு இரண்டு சுவர்த் துண்டு என்று பதினொரு பேருக்குக் கணக்காக வரும். மிஞ்சினால் மறுநாள் மாலைக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு சுவரும் ஊறிச் சாய ஆரம்பித்துவிடும்.